காணா ஒளியைக் கையாண்ட பேராசிரியர் ராபர்ட் உட்

சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான்கு நாட்கள் முன்னதாக நடந்த ஒத்திகையை நம் மாணவியர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்கடல் நடனத்துக்காக மேடையை இருட்டாக்கி, ஊதா நிறம் மட்டும் மங்கலாகத் தெரியும் கறுப்பு விளக்குகளைப் பொருத்தியிருந்தோம். அட்டையில் வெட்டி வண்ணம் பூசிய மீன்களும் பவளக் கொடிகளும் இருளில் தாமாகவே சுடர்விட்டன. ஓரமாக நின்ற சகோதரிகளின் வெள்ளுடை நிலவுபோல் ஒளிர்ந்ததைப் பார்த்துச் சிறு வகுப்புப் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தனர்.

அன்று நள்ளிரவு கடந்தபின் விடுதி மாணவியர் இருவர் அழுதுகொண்டே எழுந்தனர். கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போன்ற உறுத்தல். நீர் தாரையாக வழிந்தது. அறை விளக்கைப் போட்டாலே கண்ணைத் திறக்க முடியவில்லை. பாட்டிமார் சொல்லிக் கொடுத்த வைத்தியம் எதையும் கண்ணில் விடாமல், ஈரத்துணி மட்டும் போட்டு இருட்டறையில் அமர்த்தி, விடிந்ததும் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார் விடுதிக் காப்பாளரான சிஸ்டர். கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் கண்ணாடி போன்ற படலத்தின் மேல்தோல் புற ஊதாக் கதிரால் வெந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரண்டு நாளில் இருவருக்கும் கண் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் பெற்றோர் பலருக்கு மனம் ஆறவில்லை. இந்த விளக்கை இனிப் பள்ளிக்குள் விடலாமா, கூடாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடை தேடும் பொறுப்பை அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த எங்களிடம் தலைமையாசிரியை அம்மா ஒப்படைத்தார்.

தேடப் புகுந்த இடத்தில் எங்களுக்கு ஒரு மனிதர் கிடைத்தார். அந்தக் கறுப்பு விளக்கின் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்பது அவர் பெயர். விளக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் அவரைப் பற்றியே நிறைய எழுதிவிட்டோம். படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

உட் 1868ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருத்துவர், முன்னாளில் ஹவாய்த் தீவுகளில் பணிபுரிந்தவர். வீட்டுக்கு அருகில் பெரிய காற்றூதி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதற்குள் சென்று விருப்பம்போல் இயந்திரங்களைக் கையாளும் உரிமை சிறுவன் உட்டுக்குக் கிடைத்திருந்தது. பள்ளிப் பாடத்தைவிட அந்தத் தொழிற்சாலையே அவருக்குப் பள்ளியாக இருந்தது என்று சொன்னால் தவறில்லை. வெடிமருந்திலும் வாணவேடிக்கையிலும் அவருக்கு இருந்த மோகம் கடைசிவரை குறையவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயின்று 1891இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு கெர்ட்ரூட் ஏம்ஸ் என்ற மங்கையை மணந்தார்.

அவர் மாணவப் பருவத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் தங்கியிருந்த சாப்பாட்டு விடுதியில் அடிக்கடி காலையில் கொத்துக்கறி பரிமாறுவார்களாம். முந்தின இரவு தட்டுகளில் மிஞ்சியதைத்தான் கொத்திப் போடுகிறார்களோ என்று எல்லோருக்கும் ஐயம். யாராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. உட் ஓரிரவு தம் தட்டில் மிச்சம் வைத்த இறைச்சித் துண்டுகள்மீது லித்தியம் குளோரைடைத் தூவி வைத்தார். பார்ப்பதற்கும் சுவைப்பதற்கும் அது சாதாரண உப்பைப் போலவே இருக்கும். மறுநாள் காலை கொத்துக்கறியில் சிறிது எடுத்துச் சுடரில் காட்டி நிறமாலை காட்டியால் நோக்கினார். லித்தியத்துக்கே உரிய சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது! (லித்தியம் உப்பு உண்ணத்தக்கதன்று, யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நம் விடுதிச் சமையலறையை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

கதை உண்மையோ, பிற்காலத்தில் மெருகேறியதோ, உட்டின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பாணியில்தான் நடந்தது. கண்ணால் காண முடியாததை, வேறொன்றை ஒளிரச் செய்து காணவைப்பதே அவர் வித்தை.

1894 முதல் இரண்டாண்டு பெர்லினில் மேற்படிப்பு. அங்கே ரூபன்ஸ் என்ற பேராசிரியரின் தொடர்பால் ரசாயனத்தை விட்டுப் பௌதிகத்தின் பக்கம் சாய்ந்தார். அந்நாளில் பெர்லினுக்கு அருகே குன்றின்மேலிருந்து இறக்கை கட்டிப் பறந்துகொண்டிருந்தவர் ஓட்டோ லிலியென்தால். உட் அவரோடு நட்புக் கொண்டு, பறப்பதைப் படம் பிடித்ததோடு நில்லாமல் அந்த இறக்கையைத் தாமும் கட்டிக்கொண்டு முயன்று பார்த்தார். 1896 ஆகஸ்ட் தொடக்கத்தில் உட் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. சில நாட்களுக்குள் லிலியென்தால் கீழே விழுந்து உயிர் நீத்தார்.

தாயகம் திரும்பிய உட்டுக்கு 1897இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அங்கே குளிர்காலத்தில் தெருவுக்கு அடியில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோவது வழக்கம். மண்ணைத் தோண்டிக் குழாயை வெளியே எடுத்தால்தான் வழி என்று ஊரார் இருந்தனர். இரும்புக் குழாயின் இரு முனைகளுக்கிடையே மின்சாரத்தைச் செலுத்திச் சூடேற்றிப் பனிக்கட்டியை உருக்கிக் காட்டினார் இவர். பேராசிரியர்களில் பெருமைக்குரிய ஆராய்ச்சி செய்தவர் பலருண்டு. தெருக் குழாயில் தண்ணீர் வரவைத்தவர் எத்தனை பேர்?

1901இல் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஒளி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரோலண்ட் அந்த ஆண்டு மறைந்திருந்தார். அவர் இருந்த நாற்காலியில் 33 வயது உட் அமர்ந்தார். 1938இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே.

இனி ஒளிக்கு வருவோம். வானவில்லில் சிவப்பு முதல் ஊதா வரை நாம் காண்கிறோம். ஊதாவுக்கு அப்பாலும் ஏதோ ஒன்று உண்டென்று ஜெர்மானியரான ரிட்டர் 1801இல் கண்டறிந்தார். வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை நிறமாலையில் வைத்தபோது, ஊதாவைத் தாண்டி ஒன்றும் தெரியாத இருட்டுப் பகுதியில்தான் அது மிக விரைவில் கறுத்தது. அதுவே புற ஊதாக் கதிர். ஆனால் விளக்கிலிருந்தோ கதிரவனிடமிருந்தோ அது தனியாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு கலந்தே வரும். ஆரவாரமான கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்பது எப்படி? முதலில் மற்றவர்களை வாயடைக்க வேண்டும். உட் செய்ததும் அதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டிகளை அவர் 1903இல் வெளியிட்டார். பின்னாளில் நிக்கல் ஆக்சைடு கலந்த கருங்கண்ணாடி வடிவில் அது நிலைபெற்று, இன்றுவரை உட் கண்ணாடி என்றே வழங்குகிறது. ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் அதன் வழியே செல்லும். அவற்றுள் 365ஐ ஒட்டியவை மிகுதி. மேடைக் கறுப்பு விளக்கின் குழல் கருநீலமாக இருப்பதற்கு இத்தகைய கண்ணாடியே காரணம்.

அக்கதிர் நம் கண்ணில் தெரிவதில்லை. ஆனால் சில பொருள்கள் அதை விழுங்கி, அதன் ஆற்றலில் ஒரு பங்கை நாம் காணக்கூடிய ஒளியாக வெளியிடுகின்றன. இதை ஒளிர்தல் என்கிறோம். சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் இவ்வாறு ஒளிரும். அதனால்தான் சகோதரிகளின் உடையும் நம் சீருடைச் சட்டையும் மேடையில் நிலவு காய்ந்தன. மஞ்சள் தூள் ஒளிரும். கொய்னா மருந்து கலந்த நீர் நீலமாக ஒளிரும். தேள் பச்சையாக ஒளிரும். நம் ரூபாய் நோட்டின் எண்களும் ஒளிரும். நம் பல்லும் வெண்ணீலமாக மினுங்கும். பழைய காலத்துக் கட்டுப் பல்லாக இருந்தால் அந்த இடம் கறுத்துத் தெரியும். அந்த விளக்கின் முன் சிரிப்பதற்கு முன் பெரியவர்கள் யோசித்துக்கொள்வது நல்லது.

இந்த விளக்கின் முன் நிற்பவருக்கு இன்னொரு விந்தையும் நேரும். விளக்கை நேரே நோக்கினால் பார்வை முழுவதும் நீல மூட்டம் படர்ந்தாற்போல் இருக்கும். எதையும் கூர்ந்து பார்க்க முடியாது. புகை வெளியில் இல்லை. நம் கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை அந்தக் கதிரை விழுங்கித் தானே ஒளிர்வதால் தோன்றும் மூட்டம் அது. உட் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எங்கள் தேடலில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இதுதான். கண் அந்தக் கதிரைக் காணவில்லையே தவிர, வாங்கிக்கொள்கிறது. நமக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறது.

கண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை உலகுக்கே எடுத்துக் காட்டும் வாய்ப்பும் அவருக்கு வந்தது. பிரான்சில் நான்சி நகரப் பேராசிரியர் பிளாண்ட்லோ 1903இல் என்-கதிர் என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்திருந்தார். மங்கிய சிறு ஒளி அக்கதிர் பட்டால் கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும் என்பதே அதற்குச் சான்று. பலர் அதைத் தாமும் கண்டதாகக் கட்டுரைகள் எழுதினர். வேறு பலருக்கோ எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. 1904இல் உட் நேரில் சென்றார். இருட்டறையில் அலுமினிய முப்பட்டகத்தைக் கொண்டு கதிரின் அளவுகளைப் பிளாண்ட்லோ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், உட் இருளில் கையை நீட்டி முப்பட்டகத்தை அகற்றிவிட்டார். அளவுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன! எஃகு அரத்தைக் கண்ணருகே பிடித்தால் மங்கிய கடிகார முகம் தெளிவாகத் தெரியும் என்றபோது, அரத்துக்குப் பதில் மரத்துண்டைப் பிடித்தார். அப்போதும் தெரிந்ததாம். செப்டம்பர் இறுதியில் நேச்சர் இதழில் உட் எழுதிய கடிதத்தோடு என்-கதிரின் கதை அநேகமாக முடிந்தது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி இப்படிச் செய்யலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. பிளாண்ட்லோ பொய்யர் அல்லர், நேர்மையாகவே ஏமாந்தவர். எங்களில் பாதிப்பேர் அவருக்காக இரங்கினோம். ஆனாலும் முப்பட்டகத்தை எடுத்தது சரியே என்ற முடிவுக்கு வந்தோம். காணும் ஆவல் இருந்தால் இல்லாததையும் கண் காணும். அதை வேறு எப்படிச் சோதிப்பது?

லாங் ஐலண்டில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற இடத்தில் உட்டுக்குக் கோடைக்கால வீடு இருந்தது. பழைய களஞ்சியம் ஒன்றே ஆய்வுக்கூடம். அங்கே கிணற்றின் அடியில் பாதரசம் நிரம்பிய தட்டைச் சீராகச் சுழலவிட்டார். சுழலும் பாதரசம் குழிந்து தொலைநோக்கியின் ஆடியாக அமைந்தது. 40 அடிக்கு மேல் நீளமுள்ள நிறமாலை காட்டியின் குழாயில் சிலந்தி வலை அடைந்துகொண்டால் வீட்டுப் பூனையை ஒரு முனையில் நுழைத்து மறுமுனை வழியே வெளியே வரச் செய்து துப்புரவு செய்தார் என்பது பௌதிகம் படிப்போரிடையே இன்றும் வழங்கும் செய்தி. பூனைக்கு என்ன ஊதியம் என்பது ஏட்டில் இல்லை.

1910இல் புற ஊதாவைக் கொண்டும், சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பைக் கொண்டும் அவர் எடுத்த நிலக்காட்சிப் படங்கள் எல்லோரையும் வியக்கவைத்தன. அகச்சிவப்பில் மரத்தின் இலைகள் பனிபோல் வெளுத்தன, வானம் கறுத்தது. புற ஊதாவில் வெயிலில் நிற்பவரின் நிழலே ஏறக்குறைய மறைந்தது. ஏனெனில் புற ஊதாக் கதிர் காற்றில் சிதறி வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. வெயிலுக்கு ஒதுங்கி நிழலில் நின்றாலும் அக்கதிர் கண்ணையும் தோலையும் தொடும் என்பதை அன்றே அந்தப் படங்கள் சொல்லிவிட்டன. நிலவையும் அவர் விடவில்லை. அரிஸ்டார்க்கஸ் என்ற பள்ளத்தின் அருகே புற ஊதாவில் மட்டும் தெரியும் கரிய திட்டு ஒன்றைப் படம் பிடித்து, அது கந்தகமாக இருக்கலாம் என்றார். அத்திட்டுக்கு உட் பெயரே வைத்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்கப் படையில் மேஜராகப் பணியேற்ற உட் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். பகைவர் கண்ணில் படாத விளக்கால் செய்தி அனுப்புவது அவர் யோசனை. விளக்கின் முன் அவர் வடிகட்டி. செய்தி பெறுபவரிடம் புற ஊதாவில் ஒளிரும் சிறு திரை. இருளில் எதிரிக்கு ஒன்றும் தெரியாது. நண்பருக்கு மட்டும் திரை மினுங்கும். போருக்காகப் பிறந்த அந்த விளக்கு 1925இல் மருத்துவமனைக்குள் நுழைந்தது. குழந்தைகளின் தலையில் படர்தாமரை நோய் பற்றிய மயிர்க்கால்கள் அவ்விளக்கில் பசுமையாக ஒளிர்வதை மார்கரோ, தெவேஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இருவர் கண்டனர். தோல் மருத்துவரின் மேசையில் இன்றும் இருக்கும் உட் விளக்கு அதுவே. கண்ணில் கீறலோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க, ஃப்ளோரெசின் என்ற சாயத்தைச் சொட்டாக விட்டு இவ்விளக்கால் நோக்கும் வழக்கமும் உண்டு. கீறிய இடம் பச்சையாகச் சுடரும்.

கேளிக்கை மேடைக்கு வந்தது அதற்கும் பின்னர். கலிபோர்னியாவில் பாப் ஸ்விட்சர் என்ற இளைஞர் 1933இல் வேலை செய்யுமிடத்தில் விழுந்து அடிபட்டுப் பார்வை கெட்டு, மருத்துவர் சொற்படி பல நாள் இருட்டறையில் இருந்தார். அவரும் தம்பி ஜோவும் கறுப்பு விளக்கொன்றைச் செய்து, தந்தையின் மருந்துக் கடையில் இரவில் குப்பி குப்பியாகக் காட்டிப் பார்த்து, ஒளிரும் பொருள்களைத் தேடிப் பிடித்தனர். ஜோவின் மாயாஜால நிகழ்ச்சிக்காகத் தொடங்கிய அவ்வேலையிலிருந்து இன்றைய ஒளிரும் வண்ணங்கள் வந்தன. நம் அட்டை மீன்களுக்குப் பூசியதும் அந்தக் குலத்து வண்ணமே.

அப்படியானால் அன்றிரவு நம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது என்ன? புற ஊதா என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரே கதிர் அன்று. 400 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளது ஏ வகை. 315 முதல் 280 வரை பி வகை. அதற்கும் குறைந்தது சி வகை. அலைநீளம் குறையக் குறைய வேகும் தன்மை கூடுகிறது. கறுப்பு விளக்கு தருவது ஏ வகை. நீர், காற்று முதலியவற்றில் கிருமியைக் கொல்லப் பயன்படும் விளக்கு 254 நானோமீட்டரில் சி வகையைத் தருவது. கதிரவனின் சி வகைக் கதிரை ஓசோன் படலம் முழுவதும் தடுத்துவிடுவதால் நம் கண்ணுக்கு அது முற்றிலும் பழக்கமில்லாதது. கார்னியாவின் மேல்தோல் அதை அப்படியே விழுங்கி வெந்துபோகிறது. வலி உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, தூங்கும் வேளையில்தான் தெரியும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பார்த்தவருக்கும், பனிமலையில் நடந்தவருக்கும் வருவது இதே நோய்.

ஒத்திகையன்று விளக்குக்காரர் கொண்டுவந்த குழல்களில் இரண்டு எரியவில்லை. கொரோனா காலத்தில் எங்கோ வாங்கி வைத்திருந்த இரண்டு குழல்களை அவர் அந்த இடத்தில் மாட்டினார். அதே நீளம், அதே பருமன், அதே முனைகள். அவை கிருமி கொல்லும் குழல்கள். வஞ்சனை ஏதுமில்லை, புற ஊதா என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஒன்றென்று எண்ணிவிட்டார். மேடையின் முன்விளிம்பில் அவை இருந்தன. நம் மாணவியர் இருவரும் சிப்பிகளாக அவற்றின் அருகிலேயே அரைமணி நேரம் அமர்ந்திருந்தனர். மறுநாள் நாங்கள் குழல்களை இறக்கிப் பார்த்தபோது வேறுபாடு கண்ணெதிரே கிடந்தது. கறுப்பு விளக்கின் குழல், அணைந்திருக்கும்போது கருநீலம். உள்ளே ஒன்றும் தெரியாது. அந்த இரண்டும் தெளிந்த கண்ணாடி. உள்ளிருக்கும் கம்பிச்சுருள் வரை தெரிந்தது. எரியும்போது அவை வெளிர்நீலம். உட் போட்ட திரை அவற்றில் இல்லை.

சரி, முறையான கறுப்பு விளக்கு மட்டும் தீங்கற்றதா? கண் மருத்துவரிடமும் கேட்டோம்; ஏடுகளையும் பார்த்தோம். ஏ வகைக் கதிர் கண்ணில் சதுர மீட்டருக்கு 10 வாட் என்ற அளவைத் தாண்டி நெடுநேரம் படக்கூடாது என்பது இத்துறையின் பன்னாட்டுக் குழு வகுத்த எல்லை. சாதாரண 40 வாட் கறுப்புக் குழல் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஏறத்தாழ ஒரு வாட்தான். நண்பகல் வெயிலில் இதைப்போல் பல மடங்கு நம்மேல் விழுகிறது. ஆகவே தலைக்கு மேலே தள்ளித் தொங்கவிட்டு, ஒரு நடனத்துக்கு எரியவிட்டு அணைத்தால் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் வெயிலோடு ஒப்பிடுவதில் ஒரு பிசகு உண்டு. வெயிலில் கண் கூசுகிறது; இமை சுருங்குகிறது; பாவை சிறுத்துக் காவல் செய்கிறது. இருட்டு மேடையில் பாவை அகல விரிந்து, கதவைத் திறந்து வைத்த வீடு போல் இருக்கிறது. கூச்சமும் இல்லை. சிறு பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அது தடுத்து நிறுத்துவதும் குறைவு. ஆண்டுக்கணக்கில் படும் புற ஊதா வில்லையைப் புரைபிடிக்கச் செய்யும் காரணங்களில் ஒன்று. ஆதலால் படுக்கையறையில் அழகுக்காக இரவெல்லாம் எரியவிடுவதும், கைவிளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டி விளையாடுவதும் வேண்டாதவை. இப்போது வரும் ஆற்றல் மிக்க எல்.இ.டி. விளக்குகளோ பழைய குழலைப்போல் சாதுவானவை அல்ல. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் நடந்த விழா ஒன்றில் கலந்துகொண்டவர் பலருக்குக் கண் எரிச்சல் கண்டது. ஒரு மூலையில் வைத்திருந்த ஏ வகைப் புற ஊதா விளக்குகளே காரணமாக இருக்கலாம் என்று விழா நடத்தியவர்களே பின்னர் அறிவித்தனர்.

உட் தம் விளக்கின் இந்தப் பிற்கால அலங்காரங்களைக் குறித்துக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. அவருக்கு வேறு வேலைகள் இருந்தன. ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற செல்வரோடு சேர்ந்து காதுக்குக் கேளாத ஒலியை 1927இல் ஆராய்ந்தார். 1905இல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூல் பல பதிப்புகள் கண்டது. 1907இல் பறவைகளையும் பூக்களையும் ஒன்றுபோலவே வரைந்து, வேடிக்கைப் பாட்டெழுதிக் குழந்தைகளுக்கு ஒரு சிறு நூல் தந்தார். அது இன்றும் அச்சில் வருகிறது.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் தம் ஒளிச் சிதறல் விளைவைக் கண்டார். கடல் கடந்த அறிஞர் சிலர் ஐயத்தோடு பார்த்த வேளையில், அச்சோதனையைத் தம் கூடத்தில் செய்து பார்த்து, இராமன் சொன்னது ஒவ்வோர் அம்சத்திலும் மெய்யே என்று அவ்வாண்டே நேச்சர் இதழுக்குத் தந்தி அடித்தவர் உட். பிளாண்ட்லோவின் முப்பட்டகத்தை எடுத்த அதே கைதான் இந்தத் தந்தியையும் அனுப்பியது. இரண்டாண்டில் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உட்டின் பெயர் அப்பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1938இல் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது.

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. 1955 ஆகஸ்ட் 11ஆம் நாள், 87ஆம் வயதில், நியூயார்க் மாநிலத்தில் அமிட்டிவில் என்ற ஊரில் காலமானார்.

இவ்வாண்டு விழாவுக்கு ஆறு கறுப்புக் குழல்களைப் பள்ளியே சொந்தமாக வாங்கியது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி கறுப்புத்தானா என்று பார்த்து, முனையில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். தரையில் ஒன்றும் வைக்கவில்லை. எல்லாம் மேலே, மாணவியரின் தலைக்குப் பத்தடி உயரத்தில். நடனம் ஏழு நிமிடம். சென்ற ஆண்டு சிப்பிகளாக இருந்த இருவரும் இம்முறை நட்சத்திர மீன்களாக வந்தனர். இருவரின் தாய்மாரும் முதல் வரிசையில் அமர்ந்திருந்தனர். சென்ற ஆண்டுக் குழல்கள் இரண்டும் அறிவியல் அறையில் இருக்கின்றன. பெட்டியைச் சிஸ்டர் பூட்டி வைத்திருக்கிறார். பார்க்க விரும்பும் பெற்றோர் கேட்டால் திறந்து காட்டுவார்.